திருச்சித்தமும் தரிசு நிலமும்

சிங்கப்பெருமாள்கோவிலில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் கடந்து, வடக்கே திருவள்ளூரை நோக்கிச் செல்லும் மாநில நெடுஞ்சாலையில் இன்று பயணம் செய்கிற ஒருவர், மோட்டார்த் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களையும், புதிய கார்களை இரண்டடுக்காக ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளையும், ஷிஃப்டு மாறும் வேளையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துகளையும் காண்பாரேயன்றி, ஏரிகளும் கரம்பும் முட்புதரும் நிறைந்து கிடந்த பழைய செங்கல்பட்டு நாட்டை எளிதில் காணமாட்டார். ஆயினும் இச்சாலையின் தென்முனைக்கு அருகில் மெல்ரோசாபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. வடமுனையில், திருவள்ளூரை அடுத்து, இக்காடு என்றோர் ஊர் இருக்கிறது. முன்னது ஸ்காட்லாந்து மிஷனாரின் உழைப்பையும், பின்னது வெஸ்லியன் மிஷனாரின் உழைப்பையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்திலிருந்து நமக்கு நினைவூட்டி நிற்பவை. இவ்விரண்டு முனைகளுக்கும் நடுவிலே கிடக்கும் நாட்டில், சுவிசேஷம் சொல்ல வந்தவர்களும் அதைக் கேட்க வந்தவர்களும் தத்தம் விருப்பத்தைப் பின்னே நிறுத்திக் கடவுளின் சித்தத்தை முன்னே நிறுத்த முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை ஆராய்ந்து பார்க்குங்கால், தன்னிச்சையை விடுதல் என்னும் கடமை யார்மேல் முதலில் விழுந்தது என்ற கேள்விக்கு, நாம் பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய விடையினின்றும் வேறுபட்ட விடையே கிடைக்கிறது.

இறைவனுடைய உள்ளக் கருத்தை அறிந்து அதற்கு அடங்கி நடத்தல் என்பது கிறிஸ்தவர்கள் இம்மண்ணுக்குப் புதிதாகக் கொண்டுவந்த எண்ணமன்று. ஸ்ரீபெரும்புதூர், 1017ஆம் ஆண்டிலே இராமானுஜர் அவதரித்த தலமாக வைணவ மரபினால் போற்றப்படுவது. தம் மனத்திலே எழுந்த ஐயங்களுக்குப் பெருமாளின் திருவுள்ளம் யாதென அறிய விரும்பிய இராமானுஜர், காஞ்சி வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்த பூந்தமல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பியை அண்டி, அவர் வாயிலாகவே ஆறு வார்த்தைகளைப் பெற்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. நம்பி பிராமணரல்லர், வேதம் கற்றவர் என்ற பெயரும் அவருக்கில்லை. எனினும் கல்வியிலும் குலத்திலும் உயர்ந்த அவ்விளைஞர், தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று உலகம் கருதிய ஒருவருடைய வாயிலிருந்து வந்த சொல்லையே கடவுளின் கட்டளையாகத் தலைமேற் கொண்டார். இவ்வரலாற்றை நான் இங்கே குறிப்பிடுவது சமயங்களை ஒப்பிட்டு நோக்குவதற்காகவன்று. பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட இந்நாட்டில், தெய்வத்தின் சித்தம் எதிர்பாராத வாயிலிலிருந்து வெளிப்படக்கூடும் என்ற நினைவு மிகப் பழையது என்பதற்காகவே.

கிறிஸ்தவ மரபிலும் இதற்கு நிகரான பழங்கதை ஒன்றுண்டு. அதற்கும் இந்நாட்டுக்கும் தொடர்புண்டு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெசா நகர வட்டாரத்தில், சிரியாக் மொழியில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதும் 'தோமாவின் நடபடிகள்' என்னும் நூல், அப்போஸ்தலர்கள் உலகத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டபோது தோமாவுக்கு இந்தியா விழுந்தது என்றும், தாம் உடல் வலிமை இல்லாதவர், எபிரேயர், இந்தியருக்கு எங்ஙனம் போதிக்க இயலும் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார் என்றும், இரவிலே ஆண்டவர் தோன்றித் தைரியம் சொல்லியும் அவர் இணங்கவில்லை என்றும் கூறுகிறது. அதன்பின் நிகழ்வது வியப்புக்குரியது. கொண்டபோரஸ் என்ற இந்திய அரசனுக்காகத் தச்சன் ஒருவனை விலைக்கு வாங்க வந்திருந்த அபான் என்னும் வணிகனிடம், ஆண்டவரே தோமாவைத் தம் அடிமை என்று சொல்லி விற்றுவிடுகிறார். மறுநாட் காலையில் தோமா தம் விருப்பம் தோற்றதை ஜெபத்தில் ஒப்புக்கொண்டு, தாம் விற்கப்பட்ட விலையைத் தவிர வேறொன்றும் கையிற் கொள்ளாமல் கப்பலேறுகிறார். அரண்மனை கட்டும்படி அரசன் தந்த பொருளையெல்லாம் அவர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சிறைப்பட்டதையும் அந்நூல் சொல்லுகிறது. கொண்டபோரஸின் நாணயங்கள் வடமேற்கு நாடுகளிலே கிடைத்திருப்பதால், அக்கதையின் முற்பகுதி அந்தத் திசையைச் சார்ந்தது என்று கொள்வர். தோமா தம் இரத்தத்தைச் சிந்திய இடம் பரங்கிமலை என்பதோ தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் நெடுங்கால நம்பிக்கை. அம்மலையடிவாரத்திலிருந்து பூந்தமல்லிக்கும் அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் சாலை செல்கிறது. கதையின் சரித்திர உண்மை எவ்வாறாயினும், முதலில் மறுத்தவர் போதகர், விற்கப்பட்டவரும் போதகர் என்னும் அதன் உட்கருத்தை நாம் கவனித்தல் வேண்டும். கேட்கிறவனிடத்தில் தன்னிச்சையை விடும்படி சொல்லுமுன், சொல்லுகிறவன் அதை விட நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு நாட்டிலே நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சார்பாக ஜான் ஆண்டர்சன் 1837ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. கல்கத்தாவில் அலெக்ஸாண்டர் டஃப் வகுத்த வழியையே அவரும் பின்பற்றினார். ஆங்கிலக் கல்வியையும் வேதாகமத்தையும் உயர்குலத்து இளைஞர்களுக்குப் புகட்டினால், அவர்களுட் சிலர் மனந்திரும்பித் தம் நாட்டாருக்குத் தாமே போதகராவர். சமுதாயத்தின் உச்சியில் ஊற்றிய நீர் அடிவரை தானே கசிந்து இறங்கும் என்பது அவ்வழியின் எண்ணம். காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கிளைப் பள்ளிகள் எழுந்தன. திட்டம் அறிவுக்கு ஒத்தது. அதை வகுத்தவர்கள் பக்தியிற் சிறந்தவர்கள். அதன்பொருட்டு நாட்டையும் சுற்றத்தையும் துறந்து வந்தவர்கள். ஆகவே தங்கள் திட்டமே கடவுளின் சித்தம் என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் தொடக்கத்திலேயே ஓர் இடறல் நேர்ந்தது. 1838இல் தீண்டப்படாதவராகக் கருதப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவர் சிலர் சென்னைப் பள்ளியிலே சேர்க்கப்பட்டதும், உயர்குல மாணவர்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். யாருக்காகப் பள்ளி தொடங்கப்பட்டதோ அவர்களே போய்விட்ட நிலையில், அச்சிறுவர்களை அனுப்பிவிட்டால் பள்ளி பிழைக்கும் என்று பலர் ஆலோசனை சொல்லியிருக்கக் கூடும். ஆண்டர்சன் அனுப்ப மறுத்துவிட்டார். 1841இல் இராஜகோபால், வேங்கடராமையா என்ற இரண்டு இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றபோதும் பள்ளி மறுபடியும் வெறுமையாயிற்று. தாய் தந்தையரையும் குலத்தையும் சொத்துரிமையையும் விட்டு வெளிப்பட்ட அவ்விளைஞர்களின் துணிவு பெரிது. எனினும் அவர்களைப் போன்றவர்கள் சிலரே கிடைத்தார்கள். கல்வி பரவிற்று, கல்லூரி பெரும்புகழ் பெற்றது, நாட்டுக்கு நற்பணி பல செய்தது; உச்சியில் ஊற்றிய நீர் மட்டும் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

அழைக்கப்படாதவர்களே வந்தார்கள். அவர்கள் யாவர் என்பதைத் தெரிந்துகொள்ள, செங்கல்பட்டு நாட்டின் நில உரிமையைச் சிறிது விரிவாகவே நோக்குதல் வேண்டும். 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கொடுத்த நாடு இது. ஹைதர் அலியின் படையெடுப்பில், 1780ஆம் ஆண்டு புள்ளலூர்ப் போரை ஒட்டிய நாட்களில், இந்நாட்டின் கிராமங்கள் பல பாழாயின. மக்கள் சிதறிப்போயினும், மிராசு உரிமை அழியவில்லை. கிராமத்தின் நன்செய் புன்செய் மட்டுமின்றி, தரிசும் தோப்பும் நத்தமும் ஆகிய யாவற்றின்மேலும் மிராசுதார்கள் பாத்தியதை கொண்டாடினார்கள். வெளியார் ஒருவர் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனுக் கொடுத்தால், அந்நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லித் தடுத்துவிடும் முன்னுரிமை அவர்களுக்கு இருந்தது. உழுகிறவர்களோ பெரும்பாலும் பறையர் குலத்துப் படியாட்கள். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அறிவித்துவிட்டது உண்மையே. 1862இல் அமுலுக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை கொள்வதைக் குற்றமாக்கியதும் உண்மையே. ஆயினும் கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காக ஒருவன் தன் உழைப்பை எழுதிக்கொடுக்க, அக்கடன் மகனுக்கும் பேரனுக்கும் இறங்குவதைத் தடுக்கச் சட்டப் புத்தகத்தினால் இயலவில்லை. அவன் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம் இத்தகையோரையே முதலில் கொண்டுபோயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1880களிலும் 1890களிலும் இப்படியாட்கள் வாழ்ந்த சேரிகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரி முழுவதுமாக, தெற்கே ஸ்காட்லாந்து மிஷனாரிடத்திலும் வடக்கே வெஸ்லியன் மிஷனாரிடத்திலும் வந்து, தங்களுக்கு ஓர் உபதேசியாரை அனுப்ப வேண்டும், தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், தங்களைச் சபையிலே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலானார்கள். மிஷனாரிடையே மகிழ்ச்சியோடு கலக்கமும் தோன்றியது. படிப்பில்லாதவர்கள், தீண்டாமைக்கு ஆளானவர்கள் திரளாகச் சேர்ந்துவிட்டால், உயர்குலத்தார் இனி வரவே மாட்டார்களே என்பது ஒரு கவலை. இவர்கள் ஆத்தும தாகத்தினால் வருகிறார்களா, அரிசிக்கும் நிலத்துக்கும் வழக்கில் ஆதரவுக்கும் வருகிறார்களா என்பது மற்றொரு கவலை; மிஷனாரின் பத்திரிகைகளிலும் மாநாடுகளிலும் பல்லாண்டு விவாதிக்கப்பட்டது இதுவே.

ஐந்து பத்து வரிகளில் அடங்கிவிடக்கூடிய இக்கேள்வியை நான் எளிதில் கடந்துபோக விரும்பவில்லை. ஏனெனில் தன் இச்சையை விட்டுக் கடவுளின் சித்தத்தைத் தேடுதல் என்னும் உபதேசம், வல்லவன் வாயிலிருந்து எளியவன் செவிக்குச் செல்லும்போது அடையும் திரிபு இங்கேதான் வெட்டவெளிச்சமாகிறது. ஒரு குடிசை போட நான்கு கோல் மண் வேண்டும் என்று விரும்பிய படியாளின் ஆசை உலக ஆசை என்று ஐயுறப்பட்டது. பட்டதாரிகளையும் குலமேன்மை உள்ளவர்களையும் சபையிலே காணவேண்டும் என்று விரும்பிய மிஷனாரின் ஆசை அவ்வாறு ஐயுறப்படவில்லை. ஆண்டவர் சீஷருக்குக் கற்பித்த ஜெபத்திலே பிதாவின் சித்தம் முதலில் வேண்டப்படுகிறது, அன்றாட ஆகாரம் அதன்பின் வேண்டப்படுகிறது. வரிசையை மாற்றலாகாது என்பது மெய்யே, ஆனால் இரண்டாவதை அவர் நீக்கிவிடவில்லை. கெத்செமனே தோட்டத்தில் தம் சித்தத்தை ஒப்புக்கொடுத்தவரும், கொடுப்பதற்குத் தமக்கென ஒரு சித்தம் உள்ளவராயிருந்தார். எழுந்திருக்கும் நேரத்தையும் உண்ணும் கூழையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் பிறன் தீர்மானிக்க வாழ்கிற ஒருவனிடம், உன் விருப்பத்தைக் கடவுளுக்கு விட்டுக்கொடு என்று சொல்லுவது, அவனிடம் இல்லாத ஒன்றைக் கேட்பதாகும். அதைவிடக் கொடிது, அவன் எஜமானுடைய விருப்பத்தையே கடவுளின் விருப்பம் என்று அவனை நம்பச் செய்வதாகும். நிலத்துக்காக வந்தான் என்று எவரையேனும் குறைகூறுவதற்கு முன், வாக்குத்தத்த பூமிக்காகப் புறப்பட்ட ஆபிரகாமை அம்மிஷனார் நினைத்திருக்கலாம்.

இதை உணர்ந்தவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். செங்கல்பட்டிலே பணிபுரிந்த ஆடம் ஆண்ட்ரூ, பள்ளிகளை நடத்துவதற்கென்று வகுக்கப்பட்ட ஸ்காட்லாந்து மிஷனின் ஊழியர். திருவள்ளூர்ப் பகுதியில் பணிபுரிந்த வில்லியம் கவுடி வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவர். இருவரும் வெவ்வேறு சபையாராயினும், சேரிமக்கள் கதவைத் தட்டும் ஓசையைக் கேட்டபின் தங்கள் வேலையின் முகத்தையே திருப்பிக்கொண்டார்கள். மனு எழுதுவதும், தர்க்காஸ்து விதிகளைப் படிப்பதும், தாசில்தார் கச்சேரிக்கு அலைவதும், கலெக்டரிடமும் கவர்ன்மெண்டினிடமும் வாதாடுவதும் அவர்களுடைய ஊழியத்தின் பகுதியாயின. வேத சாஸ்திரம் கற்று வந்த ஒருவர், மிராசு வழக்கின் நுணுக்கங்களையும் நத்தத்தின் உரிமையையும் கற்பதற்குத் தம் நாட்களைச் செலவிடுவது அவருடைய சொந்த விருப்பமாக இருந்திராது. பிரசங்கித்து, ஞானஸ்நானம் கொடுத்து, தொகையைத் தாய்நாட்டுக்கு எழுதியனுப்புவது அதனினும் இனிய வேலை. இந்த வறண்ட வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்டதையே அவர்களுடைய பக்திக்குத் தலைசிறந்த சான்றாக நான் மதிக்கிறேன்.

அக்காலத்துச் செங்கல்பட்டுக் கலெக்டர் ஜே. எச். ஏ. திரெமென்ஹீர் 1891 அக்டோபரில் பறையர்களின் நிலையைப் பற்றிக் கவர்ன்மெண்டுக்கு எழுதிய அறிக்கை, இந்தியாவின் சமுதாய வரலாற்றிலே சிறந்ததோர் ஆவணம். கடன் அடிமைத்தனம், குடிசை மண்ணுக்கும் உரிமையின்மை, தரிசு நிலத்தை ஏழைகள் பெறாதபடி தடுக்கும் மிராசு முன்னுரிமை, பள்ளிக்கூடம் இல்லாமை ஆகியவற்றை அவர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டினார். மேலதிகாரிகள் பலர் அதை விரும்பவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் தேதியன்று பிறந்த 1010ஆம் எண் அரசாணை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு வித்தாயிற்று. பஞ்சமி நிலம் என்று இன்றளவும் வழங்குவது அதன் வழியே வந்ததே. மாகாணம் முழுவதிலும் காலப்போக்கில் அவ்வாறு அளிக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பர். இந்த உரிமைப் போரை மிஷனார் மட்டுமே நடத்தினார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. இதே மாவட்டத்துக் கோழியாளத்திலே பிறந்த இரட்டைமலை சீனிவாசன், மதம் மாறாமலேயே, 1893இல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கித் தம் மக்களின் குரலைத் தாமே எழுப்பினார். அயோத்திதாசப் பண்டிதரும் அக்காலத்திலேயே கல்வியும் தரிசு நிலமும் கேட்டுக் குரல் கொடுத்தவர்.

ஆண்ட்ரூவின் முயற்சியால் தரிசு நிலம் பெற்று எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்புகளிலே மெல்ரோசாபுரம் ஒன்று. அவர் பெயரை நினைவூட்டும் ஆண்ட்ரேயபுரம் மற்றொன்று. மெல்ரோசாபுரத்திலே உழவோடு கைத்தொழிலும் கற்பிக்கும் பள்ளி ஏற்பட்டது. தன் பெயரில் ஒரு குடிசையும், எஜமான் துரத்த முடியாத ஒரு துண்டு நிலமும் கிடைத்தபோதுதான், அம்மக்களுக்குக் கிறிஸ்தவ வாழ்வின் அன்றாடக் கடமைகளைத் தாமாகவே தெரிந்துகொள்ளும் சுயாதீனம் பிறந்தது. அவற்றுள் முதன்மையானது ஓய்வுநாள். ஏழாவது நாள்தோறும் ஏர் பூட்டாமல் கோயிலுக்குப் போவது என்பது, நிலமுள்ள ஒருவனுக்கு ஒரு நாள் வேலையின் இழப்பு; படியாளுக்கோ அது கலகம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்றும், திருவிழாவில் பறையடிக்க மாட்டேன் என்றும் அவன் சொன்ன இரண்டு வார்த்தைகளும் கிராமத்தின் அடுக்கையே அசைத்தன. அடியும் உதையும் பட்டினியும் வழக்குகளும் தொடர்ந்தன. சிலர் பின்வாங்கினார்கள், பின்வாங்கியவர்களை நாம் குறைவாக எண்ணலாகாது. நிலைத்து நின்றவர்கள், தங்கள் வாழ்நாளில் முதன்முறையாகத் தாங்களே தெரிந்துகொண்ட ஒரு துன்பத்தை அனுபவித்தார்கள். அறுவடையின் முதற்பலனைச் சபைக்குக் கொண்டுவந்து வைப்பதும், உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருடைய வேலைக்கென்று வேறாக எடுத்து வைப்பதும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களிடத்திலே வேரூன்றிய வழக்கங்கள். பிறன் அளந்துபோட்ட கூலியையே நம்பியிருந்தவள், தன் பானைக்குரிய அரிசியிலிருந்து தன் விருப்பப்படி ஒரு பிடியை எடுத்து வைப்பதில் எத்துணைக் கௌரவம் இருக்கிறது!

இக்குடியிருப்புகளை நான் குற்றமற்ற தேவராஜ்யமாக வருணிக்கத் துணியேன். நிலத்துக்குப் பொறுப்பாளரும் சபைக்கு மேய்ப்பரும் பள்ளிக்கு மேலாளரும் ஒருவரேயாகும்போது, அவருடைய எண்ணமே ஆண்டவரின் எண்ணமாகக் கொள்ளப்படும் அபாயம் எப்போதும் உண்டு. மிஷன் வளவுகளில் வாழ்ந்தவர்கள் போதகரான ஐயரின் சொல்லுக்கு அஞ்சி நடந்ததும், நல்லொழுக்கத்தின் பெயரால் அவர்களுடைய உடையும் உறக்கமும் சிரிப்பும்கூடக் கண்காணிக்கப்பட்டதும் தென்னிந்திய மிஷன் வரலாற்றிலே பல இடங்களில் காணப்படுவனவே. மிராசுதாரின் படியாளாக இருந்தவன் மிஷனின் படியாளாகிவிட்டால், பெயர் மாறியதேயன்றி நிலைமை மாறவில்லை. இந்த அபாயத்துக்கு மாற்று, நம் நாட்டவரே சபையின் பொறுப்பை ஏற்பதுதான் என்பதைக் காலம் உணர்த்தியது. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது ஸ்காட்லாந்து மிஷனின் சபைகள் அதிலே சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை ஜார்ஜ் பேராலயத்திலே, அச்சபையும் மெதடிஸ்ட் சபையும் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் ஆட்சியைத் தம் முன்னோர் எதிர்த்ததைப் பெருமையாகக் கருதிவந்த ஸ்காட்லாந்து மரபினர் பேராயரை ஏற்றனர். பேராயர் கையால் அபிஷேகம் பெறாத போதகரை ஆங்கிலிக்கன் மரபினர் ஏற்றனர். ஒவ்வொருவருக்கும் அருமையான ஒன்றை ஒவ்வொருவரும் விட்டார்கள். அன்று முதல் இந்தச் சாலையின் தென்முனைச் சபையும் வடமுனைச் சபையும் ஒரே பந்தியிலே உட்காருகின்றன.

நிலத்தின் கதை இத்தனை நல்ல முடிவை அடையவில்லை. பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி, விதிகளுக்கு மாறாக, பிறர் கைகளுக்குப் போய்விட்டது. அதை மீட்கக் கோரி எழுந்த இயக்கத்தின்போது, 1994 அக்டோபரில், காரணை கிராமத்து நிலத்தை ஒட்டி எழுந்த போராட்டத்தில், செங்கல்பட்டிலே போலீசாரின் துப்பாக்கிச் சூட்டினால் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர்நீத்தனர். ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஓர் இந்துப் பெயரும் அந்த மண்ணின் வரலாற்றிலே அருகருகே நிற்கின்றன.

அதற்குச் சில ஆண்டுகளுக்குள் தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் முதற் கார் 1998இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கி ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை கொடுத்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதும் இப்பக்கத்து மக்கள் மறவாத நிகழ்ச்சி. ஏரிப் பாசனத்தை நம்பிய நாடு இன்று மணிக்கூட்டை நம்பி வாழ்கிறது. சுற்றுக் கிராமத்தாரோடு, தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற தூர மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுட் கிறிஸ்தவர்களும் பலர். படியாளின் பழைய ஓய்வுநாட் கேள்வி புதிய உருவத்திலே அவர்கள் முன் வந்து நிற்கிறது.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது தொழிலாளிக்கு வானத்திலிருந்து விழுந்த தானமன்று. நாராயண் மேகாஜி லோகண்டே என்ற மராட்டியத் தலைவர் பல ஆண்டுகள் போராடியதன் பயனாகவே, 1890 ஜூன் 10ஆம் தேதி பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். செங்கல்பட்டுப் படியாள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லி அடிபட்டுக்கொண்டிருந்த அதே காலம் அது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிற்றை விடுமுறையாக வைத்து, அன்று வேலை வாங்கவேண்டின் முன்னோ பின்னோ மூன்று நாட்களுக்குள் வேறொரு நாளை விடவேண்டும் என்று விதித்தது. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்றும் அது வகுத்தது. இந்த இரண்டு விதிகளுக்கும் இடையிலேதான் ஒரகடத்துக் கிறிஸ்தவத் தொழிலாளியின் மனச்சாட்சி இயங்குகிறது. ஆராதனைக்குப் போகவேண்டிய காலையிலே இரட்டைக் கூலி அழைக்கிறது. அக்கூலி ஊரிலுள்ள தங்கையின் படிப்புக்கும் தகப்பனாரின் மருந்துக்கும் வேண்டியிருக்கிறது. இங்கே எது தன்னிச்சை, எது தேவசித்தம்? கோயிலுக்குப் போவதே சித்தம், ஓவர்டைம் பார்ப்பது பேராசை என்று தயக்கமின்றித் தீர்ப்புச் சொல்லுகிற போதகரை நான் நம்பமாட்டேன். குடும்பத்தைக் காரணங்காட்டி ஒவ்வொரு ஞாயிற்றையும் விற்றுவிட்டு, பின்பு புதிய மோட்டார் சைக்கிளுக்காக விற்கிறோம் என்பதை மறந்துவிடுகிற உள்ளத்தையும் நம்பமாட்டேன். இரவு ஷிஃப்டு முடிந்து, கண்ணெரிச்சலோடு, அறைக்குப் போகாமல் நேரே ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறவனும், திங்களோ புதனோ தனக்குக் கிடைத்த ஓய்வுநாளை உறக்கத்துக்கு மட்டும் கொடுக்காமல் ஜெபத்துக்கும் நோயாளியைப் பார்ப்பதற்கும் பிரித்து வைக்கிறவளும், இக்கேள்விக்குத் தங்கள் உடம்பினால் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே வரிசையிலே இரண்டு விதமான தொழிலாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நிரந்தர வேலைக்காரன் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லலாம். அவனிடத்தில் சபை தியாகத்தைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்கிறவனோ, ஒரு ஞாயிறு வரமாட்டேன் என்று சொன்னால் திங்கட்கிழமை வாசலிலேயே திருப்பியனுப்பப்படுவோமோ என்று அஞ்சுகிறான். அவனிடத்திலே தன்னிச்சையை விடும்படி பிரசங்கிப்பதற்கு முன்னால், அவனுடைய சம்பளச் சீட்டையும் ஷிஃப்டு அட்டவணையையும் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கவும், லேபர் ஆபீஸுக்கு அவனோடு கூடப் போகவும் சபையில் யாராவது ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு அது விருப்பமான வேலையாக இராது.